அலையில் பிறந்து அலைந்த பெயர்

2005 ஜனவரி 12, புதன்கிழமை, நண்பகல். வாஷிங்டன் நகரைச் சுற்றி ஓடும் வட்டச் சாலையில் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 99.1 பண்பலையில் ஜெஃப் பக்லி பாடிக்கொண்டிருக்கிறார். பாடலின் பெயர் ‘லாஸ்ட் குட்பை’, கடைசி விடைபெறல். பாட்டு முடிகிறது. வழக்கமாக வரும் குரல் வரவில்லை. ஸ்பானிய மொழியில் ஓர் உற்சாகக் கூவல் வருகிறது, அதன் பின்னால் கரீபியத் தாளம். கையை நீட்டி, குமிழ் நகர்ந்துவிட்டதோ என்று திருகிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். குமிழ் நகரவில்லை. நிலையம்தான் நகர்ந்துவிட்டது. டபிள்யூஎச்எஃப்எஸ் என்ற ராக் வானொலி இருந்த இடத்தில் ‘எல் ஸோல்’ என்ற லத்தீன் இசை வானொலி உட்கார்ந்திருந்தது. நேயர்களிடம் முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த நண்பகலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதை ஒரு கொலை போலவே எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெயர் எங்கே பிறந்தது, யார் யார் கையில் இருந்தது, எப்படி உள்ளீடற்றுப் போனது என்று பார்த்தால், அந்த நண்பகலுக்குப் பல ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்ட ஒரு வாழ்க்கை தெரிகிறது. அதோடு, அந்தப் பெயர் விட்டுப்போன இடங்களில் வந்து அமர்ந்தவர்கள் யார் என்பதும் தெரிகிறது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமாக இருக்காது.

கதை ஒரு சிறு விளக்கில் தொடங்குகிறது. 1961 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி தந்தது. இடது பக்க ஒலியையும் வலது பக்க ஒலியையும் கூட்டி ஒரு சைகை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இன்னொரு சைகை. இரண்டையும் ஒரே அலையில் ஏற்றி அனுப்புவது. பழைய பெட்டி வைத்திருப்பவருக்குக் கூட்டல் மட்டும் கேட்கும், குறை ஒன்றும் தெரியாது. புதிய பெட்டி கழித்தலையும் பிரித்தெடுத்து இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் பங்கு போட்டுவிடும். அந்தப் பிரிவினைக்கு வழிகாட்டியாக 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய தொனி கூடவே போகும். அந்தத் தொனி வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியின் முகப்பில் ஒரு குட்டி விளக்கு எரியும்.

வாஷிங்டன் வட்டாரத்தில் அந்த விளக்கை முதலில் எரியவைத்த நிலையம்தான் எச்எஃப்எஸ். 1961 நவம்பரில், தலைநகரை ஒட்டிய மேரிலாந்துப் புறநகரான பெதெஸ்டாவில், ஒரு மருத்துவக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு சிறு அறையிலிருந்து 102.3 என்ற எண்ணில் அது பேசத் தொடங்கியது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள வானொலிகளின் பெயர் பெரும்பாலும் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும். இங்கே அது வாஷிங்டனுக்கும் பொருந்திப் போனது. பின்னால் வந்த மூன்று எழுத்துகள் ஹை ஃபிடெலிட்டி ஸ்டீரியோ, அதாவது மூலத்துக்கு உண்மையாக இருக்கும் இரட்டை ஒலி. பெயரே அறிவிப்பு, பெயரே பெருமை. பகலில் மெல்லிசையும் செவ்வியலும், இரவில் ஜாஸும் போட்டார்கள்.

பெருமைதான் இருந்தது, காசு இல்லை. அந்தக் காலத்தில் கார்களில் பெரும்பாலும் ஏஎம் பெட்டிதான். விளம்பரக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். பண்பலை என்பது பல் மருத்துவர் கூடத்திலும், நல்ல ஒலிக்கருவி வாங்க வசதியுள்ள சில வீடுகளிலும் கேட்கும் சங்கதி. ஆனால் யாரும் பொருட்படுத்தாத இடத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே பரிசோதனை செய்யலாம், தோற்றாலும் பெரிதாக எதுவும் போகாது. ஏஎம் நிகழ்ச்சிகளை அப்படியே பண்பலையிலும் ஓட்டக் கூடாது என்று ஆணையம் விதி கொண்டுவர, 1967 முதல் பெரிய நகரங்களின் நிலையங்கள் பல புதிதாக ஏதாவது தேடவேண்டி வந்தது. அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் டோனஹ்யூ என்பவர் கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில், நெடுந்தட்டுகளில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடல்களை, கத்தாத குரலில் அறிமுகம் செய்து ஒலிபரப்பினார். அந்தக் காற்று கிழக்கே வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெதெஸ்டாவில் அதற்குக் கதவு திறந்தவர் ஜேக் ஐன்ஸ்டைன். விளம்பர வியாபாரத்தின் பக்கத்திலிருந்து நிலையத்துக்கு வந்து, அதன் மேலாளராகவும் பங்குதாரராகவும் ஆனவர். 1969இல் மூன்று இளைஞர்கள், அவர்களில் ஒருவர் பெண், ‘ஸ்பிரிட்டஸ் சீஸ்’ என்ற விநோதப் பெயரில் இரவு நிகழ்ச்சி ஒன்றை நடத்த அவர் இடம் கொடுத்தார். அந்த மூவர் நீண்ட நாள் இருக்கவில்லை. நிகழ்ச்சி போட்ட விதை நின்றது. இரவில் தொடங்கியது பகலுக்கும் பரவி, எழுபதுகளின் தொடக்கத்தில் முழு நிலையமும் ராக் வானொலியாகிவிட்டது.

ராக் வானொலி என்று சொன்னால் போதாது. அங்கே நடந்ததை அந்தத் தொழிலில் ‘ஃப்ரீ ஃபார்ம்’ என்பார்கள், கட்டற்ற வடிவம். ஒலிபரப்பறையின் சுவரெல்லாம் இசைத்தட்டுகள். எதை எடுப்பது, எதற்குப் பின் எதை வைப்பது என்பது அறிவிப்பாளர் விருப்பம். மேலிருந்து பட்டியல் வராது. ஒரு ப்ளூகிராஸ் பாட்டின் கடைசிக் கம்பி அதிர்வு அடங்கும் இடத்தில் ஒரு ஜமைக்கப் பாட்டு நுழையும். அங்கிருந்து லூசியானாவின் பியானோ, அங்கிருந்து இங்கிலாந்தில் போன வாரம் வெளியான தட்டு. ஏன் இந்த வரிசை என்று அறிவிப்பாளர் சொல்லமாட்டார், கேட்பவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். மழையைப் பற்றிய பாடல்கள் என்றோ, ஒரே கித்தார்க்காரர் வாசித்தவை என்றோ நான்காவது பாட்டில் பிடிபடும்போது வரும் சந்தோஷம், அந்த நிலையத்தோடு ஒரு ரகசிய உறவை ஏற்படுத்தியது. பாடலும் பாடலும் சந்திக்கும் விளிம்பில் ஒரு மனிதரின் ரசனை தெரியும். எச்எஃப்எஸ் என்ற பெயர் பிறகு எங்கெங்கோ போனபோது இழந்தது முதலில் அந்த விளிம்பைத்தான்.

அந்த அறிவிப்பாளர்களில் ஒருவர் வீசல், மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கின் பெயர். வானொலிக் குரல் என்றால் அடிவயிற்றிலிருந்து உருண்டு வரவேண்டும் என்ற இலக்கணத்துக்கு நேர் எதிராக, கீச்சென்ற குரல். வேறெந்த நிலையமும் வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். எச்எஃப்எஸ் முப்பது ஆண்டுகளுக்கு அவரை வைத்துக்கொண்டது. வாஷிங்டன்காரர்களுக்கு அந்தக் கீச்சுக் குரல் வெள்ளிக்கிழமை மாலையின் ஒலியாகவே ஆகிவிட்டது.

இன்னொருவர் ஜேக்கின் மகன் டேமியன் ஐன்ஸ்டைன். 1975இல் நடந்த கார் விபத்து அவர் பேச்சைப் பாதித்தது. சொற்கள் தட்டுத் தடுமாறி வரும். ஆனால் எந்தத் தட்டில் எந்தப் பாடல் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் மீண்டும் ஒலிவாங்கியின் முன் வந்தார். குரல் எப்படி இருக்கிறது என்பதைவிட என்ன போடுகிறார் என்பதற்காக மக்கள் கேட்டார்கள்.

பெதெஸ்டாவின் அந்தக் காலம் இசைக்கு நல்ல காலம். எம்மிலூ ஹாரிஸ் அந்த ஊர் மதுக்கூடம் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். லிட்டில் ஃபீட் குழு கலிஃபோர்னியாவைச் சேர்ந்தது, ஆனால் அதற்கு வாஷிங்டனில் கிடைத்த வரவேற்பு தனி. 1978இல் வெளியான அவர்களுடைய புகழ்பெற்ற மேடைப் பதிவின் ஒரு பகுதி வாஷிங்டன் லிஸ்னர் அரங்கில் எடுக்கப்பட்டது. அந்தக் குழுவின் லோவெல் ஜார்ஜும் லிண்டா ரான்ஸ்டாட்டும் 1974இல் எச்எஃப்எஸ் அறைக்கே வந்து பாடினார்கள். நகரத்தின் ஒலிபரப்பும் நகரத்தின் மேடையும் பக்கத்து வீடுகள் போல் இருந்தன. ஒரு வீட்டில் சமைத்தால் மற்ற வீட்டில் மணக்கும்.

1983இல் முதல் பெயர்வு. 102.3 அலைவரிசை விற்கப்பட்டது. வானொலி நிலையத்தை விற்பது என்றால் சுவரில் இருக்கும் தட்டுகளையோ அறிவிப்பாளர்களின் காதையோ விற்பதல்ல. விற்பனைக்கு மதிப்புள்ளது அரசு தரும் உரிமம் ஒன்றுதான், காற்றில் அந்த ஓர் எண்ணுக்கான பட்டா. நிலம் கைமாறினால் அதன் மேலிருந்த வீட்டைப் புதியவர் இடிக்கலாம். இடிந்தது. ஆனால் ஜேக் ஐன்ஸ்டைன் தரப்பு மேரிலாந்தின் தலைநகரான அன்னாபொலிஸில் 99.1 என்ற இன்னொரு பட்டாவை வாங்கி, எச்எஃப்எஸ் என்ற பலகையை அங்கே கொண்டுபோய் மாட்டியது. பழைய சிறு கோபுரம் பெதெஸ்டாவைத் தாண்டிச் சிரமப்பட்டுத்தான் கேட்கும். புதியது பல மடங்கு வலுவானது. ஒரு பக்கம் வாஷிங்டன், மறுபக்கம் பால்டிமோர், நடுவில் செசபீக் விரிகுடாக் கரை என்று இரண்டு நகரங்களையும் தொட்டது.

விட்டுவந்த 102.3 என்ன ஆனது என்பதை எச்எஃப்எஸ் அன்பர்கள் அதிகம் பேசுவதில்லை. 1987இல் கேத்தி ஹியூஸ் என்ற கறுப்பினப் பெண் அதை வாங்கினார். 1980இல் டபிள்யூஓஎல் என்ற ஏஎம் நிலையத்தோடு தொழிலில் இறங்கியவர். இது அவருக்கு முதல் பண்பலை. அதில் கறுப்பின மக்களின் ஆர் அண்ட் பி இசையைப் போட்டார். அந்த இரண்டு நிலையங்களிலிருந்து வளர்ந்த ரேடியோ ஒன் நிறுவனம் 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தது. கறுப்பின நேயர்களுக்கான வானொலி நிறுவனங்களில் நாட்டிலேயே மிகப் பெரியதாக ஆனது. ஒரு சிறு கோபுரம், யாரும் பரிமாறாத ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தை அறிந்த ஒருவர். 1969இல் பெதெஸ்டாவில் நடந்ததும் இதேதான்.

அன்னாபொலிஸுக்குப் போன பெயர், போன இடத்தில் இளமையானது. பழைய ஹிப்பிப் பாடல்கள் மெல்லப் பின்னால் போய், ஆர்.இ.எம்., த ஸ்மித்ஸ், நியூ ஆர்டர் போன்ற குழுக்கள் முன்னால் வந்தன. கல்லூரி விடுதிகளில் புழங்கிக்கொண்டிருந்த இந்த இசைக்கு 1988 செப்டம்பரில் பில்போர்டு பத்திரிகை ‘மாடர்ன் ராக்’ என்று தனிப் பட்டியலே தொடங்கியது. பட்டியல் வந்துவிட்டால் அது சந்தை. சந்தை வந்துவிட்டால் உரிமையாளர்கள் மாறுவார்கள். ஐன்ஸ்டைன் தரப்பு எண்பதுகளின் இறுதியில் 99.1ஐயும் விற்றது. இந்தமுறை பெயரும் சேர்ந்தே போனது.

புதிய உரிமையாளர்கள் 1989இல் டேமியனை ஒலிபரப்பிலிருந்து எடுத்தார்கள். அவர் பேச்சு சரியில்லையாம். விபத்துக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பொங்கி எழுந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அவர் மீண்டும் ஒலிபரப்புக்கு வந்தார். இந்தச் சம்பவத்தில் நான் நெடுநேரம் நிற்கிறேன். இலாபமும் நட்டமும் பேசும் வரலாற்றில் இது சிறு செய்திதான். ஆனால் ஒரு நிலையத்துக்கும் அதன் நேயர்களுக்கும் இடையில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தடுமாறும் ஒரு குரலை எங்களுக்குத் திருப்பிக் கொடு என்று ஆயிரம் வாட் விளம்பரக் குரல்களுக்கு நடுவே மக்கள் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு 1991 வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளியானது. அதன் முரசுக்காரர் டேவ் க்ரோல் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாப் புறநகரில் வளர்ந்த பையன். ஓரத்தில் இருந்த இசை நடுவுக்கு வந்துவிட்டது. எச்எஃப்எஸ் 1990 முதல் நடத்திவந்த ‘எச்எஃப்எஸ்டிவல்’ என்ற கோடை விழா பூங்காவிலிருந்து வாஷிங்டனின் ஆர்எஃப்கே விளையாட்டரங்குக்கு மாறியது. அந்த அரங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பகல் முழுக்க வெயிலில் நின்றார்கள். அன்று பதினாறு வயதில் அங்கே நின்றவர்களுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. அவர்களில் எவரிடம் பேசினாலும் முதலில் அந்த வெயிலைத்தான் சொல்வார்கள்.

சரிவின் விதை அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். மாற்று என்ற சொல்லுக்குப் பொருள், வேறெங்கும் கிடைக்காதது என்பதே. எல்லா நிலையமும் அதையே போடத் தொடங்கிய பிறகு மாற்று எதற்கு மாற்று? அதே ஊரின் டிசி101 என்ற பழைய ராக் நிலையமும் அதே குழுக்களை ஒலிபரப்பத் தொடங்கியது. ஒரே தெருவில் ஒரே பலகாரத்துக்கு இரண்டு கடைகள்.

இதற்கிடையில் காற்றின் விலை ஏறிவிட்டது. 1996 பிப்ரவரியில் கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டத்தைச் சொல்லாமல் எந்த அமெரிக்க வானொலியின் முடிவையும் விளக்க முடியாது. அதற்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏஎம், 20 பண்பலை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சட்டம் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ஒரே பெருநகரில் 8 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. சில ஆண்டுகளில் க்ளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. எச்எஃப்எஸ் கைமாறிக் கைமாறி இன்ஃபினிட்டி என்ற பெருநிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதற்கும் மேலே வயகாம் என்ற தாய் நிறுவனம்.

கடன் வாங்கி, ஏறிய விலைக்குப் பட்டா வாங்கியவர் ஏறிய வாடகையை வசூலித்தாக வேண்டும். வாடகை ஏறிய தெருவில் பழைய புத்தகக் கடை நிற்குமா? அந்தக் கடைக்கு வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்கள் என்பதல்ல, முன்பு போதுமாக இருந்த வாடிக்கையாளர்கள் இப்போது போதவில்லை என்பதே காரணம். இதே கணக்கு எச்எஃப்எஸ்ஸுக்கும் வந்தது. முன்பு ஒரு சிறு கூட்டம் ஆழமாக நேசித்தால் நிலையம் பிழைத்துவிடும். இப்போது பெரிய கூட்டம் மேலோட்டமாகவாவது சகித்துக்கொள்ள வேண்டும்.

சகிப்பை அளக்க ஒரு முறை இருந்தது. தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு பாடலிலிருந்தும் சில விநாடித் துணுக்கை ஓட்டி, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா, தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாத பாடல் அந்தத் தேர்வில் தேறாது, ஏனென்றால் அது இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியவைப்பதற்காகவே பிறந்த ஒரு நிலையத்துக்கு இதைவிடக் கொடிய தேர்வு இருக்க முடியாது. தேறிய பாடல்களைக் கணினி வரிசைப்படுத்தும். அறிவிப்பாளர் அந்த வரிசைக்கு இடையில் பேசலாம். சுவரில் தட்டுகள் இருந்தாலும் கை நீளக்கூடாது. மழைப் பாடல்கள் நான்கை அடுத்தடுத்து வைத்து ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் புதிர் போட்ட காலம் அங்கே முடிந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் ராப்பும் மெட்டலும் கலந்த கோபமான இசை தேர்வுகளில் நன்றாகத் தேறியது. கோர்ன், லிம்ப் பிஸ்கிட் போன்ற குழுக்கள். எச்எஃப்எஸ் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு காலத்தில் பெண் குரல்களும் விநோதங்களும் நிறைந்திருந்த அலைவரிசையில் இளம் ஆண்களின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அந்த அலை வடிந்தபோது, பழைய நேயர்கள் திரும்பி வரவில்லை, புதியவர்கள் தங்கவும் இல்லை. வீசல் 2003இல் வெளியேறினார்.

வெளியேயும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2001இல் ஐபாட் வந்தது. தன் ஆயிரம் பாடல்களைத் தானே கலைத்துப் போட்டுக் கேட்பவருக்கு, தேறிய சில நூறு பாடல்களை மாற்றி மாற்றிப் போடும் நிலையம் எதற்கு? அதே 2001 செப்டம்பரில் எக்ஸ்எம் என்ற செயற்கைக்கோள் வானொலி தொடங்கியது. அதன் தலைமையகமே வாஷிங்டன் நகரத்துக்குள்தான் இருந்தது. பண்பலை கைவிட்ட பழைய இசைப் பைத்தியங்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. 2004 அக்டோபரில் இன்ஃபினிட்டியின் பெரும் வருமானக் குரலான ஹாவர்ட் ஸ்டெர்ன் இன்னொரு செயற்கைக்கோள் நிறுவனத்துக்குப் போவதாக அறிவித்தார். ராக் ஆண்களை நம்பியிருந்த வியாபாரம் கலகலத்தது. எச்எஃப்எஸ்ஸின் முடிவுக்கு ஆறு வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியாவின் ஒய்100 என்ற மாற்று ராக் நிலையமும் அணைந்தது. அதை அணைத்தது ரேடியோ ஒன். எச்எஃப்எஸ்ஸின் பழைய 102.3இலிருந்து வளர்ந்த அதே நிறுவனம்.

இப்போது அந்த நண்பகலுக்குத் திரும்பலாம்.

99.1இல் வந்த எல் ஸோல் என்ற பெயரில் சூரியன் இருக்கிறது. ஸ்பானியச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் விளையாட்டாக மாற்றியிருக்கிறார்கள். சால்ஸா, மெரெங்கே, பச்சாட்டா என்று கரீபியக் கரையின் ஆட்ட இசை. நேயர்களின் கோபத்தில் ஒரு பங்கு, நிறுவனத்தைத் தாண்டி, இந்த மொழியின் மீதும் விழுந்தது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாஷிங்டனின் லத்தீன் மக்களில் பெரும் பங்கினர் எல் சால்வடோர்காரர்கள். 1980 முதல் 1992 வரை அந்தச் சிறு நாட்டில் நடந்த உள்நாட்டுப் போர் அவர்களைத் துரத்தியது. வாஷிங்டனின் மவுண்ட் ப்ளெசண்ட் பகுதியிலும் மேரிலாந்து, வர்ஜீனியா புறநகர்களிலும் குடியேறினார்கள். தலைநகரின் அலுவலகங்களை இரவில் துடைத்தார்கள், பகலில் கட்டடங்களை எழுப்பினார்கள், உணவகங்களின் பின்கட்டில் நின்றார்கள். 1991 மே மாதம் ஒரு சால்வடோர் இளைஞரைக் காவல்துறை சுட்டதையடுத்து மவுண்ட் ப்ளெசண்டில் கலவரம் வெடித்தது. இத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மக்களுக்கு நகரின் வலுவான பண்பலைகளில் இடமில்லை. ஏஎம் அலையின் கரகரப்பிலும், எல்லையோரச் சிறு கோபுரங்களிலும்தான் தங்கள் பாட்டைத் தேட வேண்டியிருந்தது. எல் ஸோல் வந்ததும் அது பரவியது. எச்எஃப்எஸ் கடைசி ஆண்டுகளில் வைத்திருந்ததைவிடப் பெரிய கூட்டம் அதற்குச் சேர்ந்தது.

இன்ஃபினிட்டி இதைக் கருணையால் செய்யவில்லை. மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துச் செய்தது. எச்எஃப்எஸ் நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தியது அநாகரிகம். நாற்பத்து மூன்று ஆண்டு உறவுக்கு ஒரு மணிநேர விடைபெறலாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் துக்கம் விசாரிக்க வேண்டிய வீடு அதுவல்ல. எச்எஃப்எஸ்ஸைக் கொன்றவர்கள் சால்ஸா கேட்டவர்கள் அல்ல. அது தன் பெயரை மட்டும் சுமந்துகொண்டு சில ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. யாரும் பரிமாறாத கூட்டத்துக்குப் பரிமாறுவதுதான் அதன் பிறவிக் குணம் என்றால், 2005 ஜனவரி 12 பிற்பகலில் 99.1 அந்தக் குணத்துக்குத் திரும்பியிருந்தது, வேறு மொழியில்.

எதிர்ப்புக் குரல் பலமாக எழுந்ததும், நிறுவனம் அதே மாதம் எச்எஃப்எஸ் என்ற பெயரைத் தன்னிடமிருந்த பால்டிமோரின் 105.7க்குக் கொண்டுபோனது. பகலில் பேச்சு நிகழ்ச்சி, இரவிலும் வார இறுதியிலும் ராக். வாஷிங்டனின் மேற்குப் புறநகர்களில் அது சரியாகக் கேட்காது. போகப்போகப் பாட்டு குறைந்து பேச்சு கூடியது. 2008இல் அந்த இடம் விளையாட்டு வானொலியானது. பெயர் மறுபடியும் தெருவுக்கு வந்தது.

பெயரைத் தேடிப் போகாமல் ஆட்களைத் தேடிப் போனவர்களுக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது. ஜேக் ஐன்ஸ்டைன் தொண்ணூறுகளிலேயே அன்னாபொலிஸ் பகுதியில் ஆர்என்ஆர் என்ற சிறு நிலையத்தில், 103.1இல், பழைய வேலையை மறுபடி தொடங்கியிருந்தார். டேமியனும் அங்கே இருந்தார். ஜேக் 2007இல், தொண்ணூறு வயதில் மறைந்தார். வீசல் பால்டிமோரை ஒட்டிய டவ்சன் பல்கலைக்கழகத்தின் டிஎம்டி நிலையத்தில் வார இறுதிகளில் ஒலித்தார். ஆர்என்ஆர் 2023 வரை தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு 103.1 ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்புக்கு விற்கப்பட்டது.

2024 செப்டம்பர் 21 அன்று, வாஷிங்டனின் பேஸ்பால் அரங்கான நேஷனல்ஸ் பார்க்கில் எச்எஃப்எஸ்டிவல் மறுபடி நடந்தது. டெத் கேப் ஃபார் க்யூட்டி, கார்பேஜ், வயலன்ட் ஃபெம்ஸ் என்று பழைய பட்டியல். நிலையம் இல்லாத நிலையத்தின் விழா. வந்தவர்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் வயதினர். பெதெஸ்டாக் காலத்தைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுக்கப்பட்டிருக்கிறது.

102.3இல் இன்றும் ரேடியோ ஒன் தொடங்கிய ஆர் அண்ட் பி இசை ஒலிக்கிறது. எல் ஸோல் 2011 டிசம்பரில் 107.9க்கு இடம் மாறிவிட்டது. காலியான 99.1 செய்தி நிலையமாகி, 2015இன் இறுதியில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் வணிக வானொலியானது. ஒரு காலத்தில் டேமியன் தட்டுகளைப் பொறுக்கிய எண்ணில் இப்போது பங்குச் சந்தைப் புள்ளிகள் ஓடுகின்றன.

எச்எஃப்எஸ் என்ற எழுத்துகளை வானொலித் தொழிலில் யாரும் சும்மா விட்டுவிடுவதில்லை. போட்டியாளர் எடுத்துவிடக் கூடாது என்று, வேறு ஏதாவது ஊரில் வேறு ஏதாவது நிலையத்தின் மேல் ஒட்டிவைப்பார்கள். 2012இல் அவை ஃப்ளோரிடாவுக்கு, டாம்பா வட்டாரத்துக்குப் போயின. ஒட்டிய இடங்களில் ஒன்று 1010 என்ற ஏஎம் அலைவரிசை. அப்போது அது விளையாட்டைப் பற்றி ஆட்கள் உட்கார்ந்து பேசும் நிலையம். அதில் பாட்டு இருக்கவில்லை. இடதும் வலதும் பிரியாத ஒற்றை ஒலி. 19 கிலோஹெர்ட்ஸ் தொனி அங்கே போகவில்லை, எந்தப் பெட்டியிலும் அந்தக் குட்டி விளக்கு எரியவில்லை.